சின்ன விஷயம்தானேன்னு விட்டுடாதீங்க: ஒரு அமெரிக்க கேம்பஸ் போலீஸ் ஆபீஸ்ல இருந்து

ஆகஸ்ட் கடைசி வாரம் வந்தா போதும், எங்க ஆபீஸ் ஃபோன் ஓயாது. புதுசா வந்த பசங்க, அதுல நம்ம ஊர்ப் பசங்களும் நெறைய, லைப்ரரில லேப்டாப்ப வச்சுட்டு ரெஸ்ட்ரூம் போனேன், அஞ்சு நிமிஷம்கூட ஆகல, வந்து பாத்தா காணோம்னு அழாத குறையா சொல்லுவாங்க. நான் அமெரிக்காவுல ஒரு ஸ்டேட் யுனிவர்சிட்டியோட போலீஸ் டிபார்ட்மெண்ட்ல வேலை பாக்கறேன். மொதல்ல நைட் ஷிஃப்ட் டிஸ்பேட்சர், அதாவது வர்ற ஃபோன எடுத்து போலீஸ அனுப்பற வேலை, இப்ப க்ரைம் ப்ரிவென்ஷன், குற்றம் நடக்காம தடுக்கற பிரிவு. யூனிஃபார்ம் கெடையாது, துப்பாக்கி கெடையாது, வந்த ரிப்போர்ட்ட எல்லாம் படிச்சு எங்க என்ன நடக்குதுன்னு கண்டுபிடிக்கறதுதான் என் வேலை.

ஊர்ல சொன்னா, காலேஜுக்குள்ள எதுக்கும்மா போலீஸு, வாட்ச்மேன் மாதிரியான்னு கேப்பாங்க. அப்படி இல்ல. இங்க நெறைய யுனிவர்சிட்டில இருக்கறது அசல் போலீஸ், சத்தியப் பிரமாணம் எடுத்தவங்க, கைது பண்ற அதிகாரம் உண்டு. யேல் யுனிவர்சிட்டில 1894லயே நியூ ஹேவன் சிட்டி போலீஸ்காரங்க ரெண்டு பேர கேம்பஸுக்குன்னு போட்டாங்க, அதுதான் ஆரம்பம். 1966 ஆகஸ்ட் 1ம் தேதி ஆஸ்டின்ல டெக்ஸஸ் யுனிவர்சிட்டி டவர் மேல ஏறி ஒருத்தன் சுட்டான் பாருங்க, அதுக்கு அடுத்த வருஷம்தான் டெக்ஸஸ்ல கேம்பஸ்களுக்குன்னு தனி போலீஸ் வச்சுக்கலாம்னு சட்டமே வந்தது.

ஆனா இத்தன வருஷத்துல நான் பாத்தது, கைது பண்ணி க்ரைம் கொறைஞ்சது ரொம்பக் கம்மி. எந்த எடத்துல, எந்த நேரத்துல, எப்படி நடக்குதுன்னு எங்களுக்குத் தெரிஞ்சா கொறைக்கலாம். அது தெரியணும்னா யாராவது சொல்லணும். அங்கதான் நம்ம பசங்க பின்வாங்கிடறாங்க.

லைப்ரரி கதையவே சொல்றேன். ஒரு வருஷம் லேப்டாப் திருட்டு ஏறிகிட்டே போச்சு. பேட்ரோல் அதிகமாக்கினோம், ஒண்ணும் கொறையல. அப்புறம் உக்காந்து ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் ஃப்ளோர் ப்ளான்ல புள்ளி வச்சுப் பாத்தா, பாதிக்கு மேல ஒரே மாடி, படிக்கட்டு வாசலுக்குப் பக்கத்துல இருக்கற டேபிள்ங்க, நேரமும் மத்தியானம் பதினொண்ணுல இருந்து ரெண்டு மணிக்குள்ள. நாங்க பேட்ரோல் அனுப்பினது ராத்திரி! ராத்திரிதான் திருடு போகும்னு நாங்களா நெனச்சுகிட்டு இருந்திருக்கோம். லைப்ரரியன்கிட்ட பேசி அந்த டேபிள்கள உள்பக்கமா தள்ளினோம், சார்ஜ் போடற ப்ளக்கோட சின்ன லாக்கர் வச்சோம், அந்த மூணு மணி நேரத்துக்கு ஸ்டூடெண்ட் வொர்க்கர் ஒருத்தர அங்கேயே நடக்க விட்டோம். கொறைஞ்சது. அடுத்த மாசம் ஜிம்ல ஏற ஆரம்பிச்சது.

இதுல மனசு விட வேண்டியதில்ல, ஆனா கண்ண மூடிக்கவும் கூடாது. இங்கிலாந்துல நியூகாசில் யுனிவர்சிட்டில சைக்கிள் ஸ்டாண்டுங்கள்ல, ரெண்டு கண்ணு முறைச்சுப் பாக்கற மாதிரி போஸ்டர் ஒட்டி ஆராய்ச்சி பண்ணாங்க, 2012ல வெளியிட்டாங்க. ஒட்டின எடத்துல திருட்டு 62 சதவீதம் கொறைஞ்சது, ஒட்டாத எடத்துல 65 சதவீதம் ஏறிச்சு. அதனால ஒரு எடத்துல கொறைஞ்சதும் கைதட்டாம, மொத்த கேம்பஸும் கொறைஞ்சுதான்னு பாக்கணும்னு எங்க மீட்டிங்ல நான் ஒவ்வொரு தடவையும் சொல்லுவேன். சைக்கிள்னு வந்ததால சொல்லிடறேன், மெலிசான கேபிள் லாக்க நம்பாதீங்க, சின்ன கட்டரே போதும், யூ-லாக், அதான் U வடிவத்துல இருக்கற கெட்டியான இரும்புப் பூட்டு, வாங்கி ஃப்ரேமையும் சேத்துப் பூட்டுங்க, சீரியல் நம்பர ஃபோட்டோ எடுத்து வச்சுக்குங்க. மீட்ட சைக்கிள் ரூம் நெறைய கெடக்குது, யாரோடதுன்னு நிரூபிக்க முடியாம ஏலத்துக்குப் போகுது.

ஊர்ல இருந்து பெத்தவங்க, இந்த காலேஜ் சேஃபான்னு கேட்டு எனக்கு மெசேஜ் பண்ணுவாங்க. அவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். 1986 ஏப்ரல்ல பென்சில்வேனியால லீஹை யுனிவர்சிட்டில ஜீன் க்ளெரிங்கற பொண்ண, ஹாஸ்டல் ரூம்லயே இன்னொரு ஸ்டூடெண்ட் கொடூரமா கொன்னுட்டான். தானா பூட்டிக்கற கதவுங்களுக்கு பீட்சா டப்பாவ முட்டுக் கொடுத்துத் தெறந்து வச்சிருந்தாங்க, அது வழியா வந்துட்டான். அங்க முன்னாடி நடந்த வன்முறைகளப் பத்தி யாரும் எங்களுக்குச் சொல்லவே இல்லையேன்னு அவளோட அப்பா அம்மா போராடி, 1990ல சட்டம் வந்தது. ஃபெடரல் நிதியுதவி வாங்கற எல்லா காலேஜும் ஒவ்வொரு வருஷமும் அக்டோபர் 1க்குள்ள மூணு வருஷ க்ரைம் கணக்க வெளியிட்டே ஆகணும். ஆனா அந்தக் கணக்குல லேப்டாப், சைக்கிள் மாதிரி சாதாரண திருட்டு பெரும்பாலும் வராது, வெறுப்புக் குற்றமா இருந்தாத்தான் சேரும். அதனால அந்த ரிப்போர்ட்ட மட்டும் பாத்துட்டு முடிவு பண்ணாதீங்க. கேம்பஸ் போலீஸ் தினமும் எழுதற க்ரைம் லாக் இருக்கு, கடைசி 60 நாளோடத யார் கேட்டாலும் காட்டணும், அத வாங்கிப் படிங்க.

கதவு விஷயம் இன்னிக்கும் அப்படியேதான் இருக்கு. டெலிவரி வருதுன்னு செருப்ப வச்சு முட்டுக் கொடுக்கறாங்க. பின்னாடி வர்றவங்களுக்குக் கதவப் புடிச்சுகிட்டு நிக்கறது நம்ம வளர்ப்பு, தப்புன்னு சொல்ல எனக்கே வாய் வராது, ஆனா ஹாஸ்டல் வாசல்ல மட்டும் அதப் பண்ணாதீங்க, அவங்க கார்ட அவங்களே தட்டட்டும்.

அடுத்தது அலர்ட். 2007 ஏப்ரல் 16ம் தேதி வர்ஜீனியா டெக்ல மொத துப்பாக்கிச் சூடு காலைல ஏழே கால் வாக்குல, எல்லாருக்கும் மொத ஈமெயில் போனது 9.26க்கு. அன்னிக்கு 32 பேர் செத்தாங்க. அடுத்த வருஷம் அந்த 1990 சட்டத்த மாத்தி, ஆபத்துன்னு உறுதியானா உடனே எல்லாருக்கும் தெரிவிச்சாகணும்னு கொண்டு வந்தாங்க. நாங்க இப்ப சில நிமிஷத்துல மெசேஜ் அனுப்பறோம். ஆனா நம்ம பசங்க அட்மிஷன் அப்ப கொடுத்த இந்திய நம்பரே சிஸ்டத்துல இருக்கும், அந்த சிம் பொட்டில கெடக்கும். இங்க வந்து புது நம்பர் வாங்கின அன்னிக்கே மாத்திடுங்க, தயவு செஞ்சு.

பாலியல் தாக்குதல் பத்தி ஒண்ணே ஒண்ணு. போலீஸ்கிட்ட வரணும்னு கட்டாயம் இல்ல, கேம்பஸ் கவுன்சிலர்கிட்ட ரகசியமா பேசலாம், கேஸ் வேணுமா வேணாமாங்கறது உங்க முடிவு. தனியா மட்டும் இருக்காதீங்க.

போன வருஷம் நம்ம ஊர்ப் பையன் ஒருத்தன் என் டெஸ்க்குக்கு வந்தான். மூணு நாளா சாப்பிடலன்னு மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சது. ஒருத்தன் இமிக்ரேஷன்ல இருந்து பேசறேன்னு கூப்பிட்டு, உன் ஃபார்ம்ல தப்பு இருக்கு, அரெஸ்ட் பண்ண வர்றோம்னு மெரட்டி, ஃபோன கட் பண்ணவே விடாம கடை கடையா கூட்டிட்டுப் போய் கிஃப்ட் கார்டு வாங்க வச்சு நம்பர எல்லாம் வாங்கிட்டான். ஃபோன் திரையில வந்தது எங்க டிபார்ட்மெண்ட் நம்பரேதான், அப்படிக் காட்ட வைக்கறது அவங்களுக்கு சுலபம். உலகத்துல எந்த போலீஸும், எந்த கவர்மெண்ட் ஆபீஸும் கிஃப்ட் கார்டுல பணம் கேக்காது.

"அக்கா, ரிப்போர்ட் கொடுத்தா விசாவுக்கு ஏதாவது ஆயிடுமா?" அதுதான் அவன் கேட்ட மொத கேள்வி. பணத்தப் பத்திக்கூட அப்புறம்தான்.

"நீ ஏமாந்தவன்டா தம்பி, தப்பு பண்ணவன் இல்ல. ஏமாந்தவங்ககிட்ட நாங்க விசா என்னன்னு கேக்கறதே இல்ல."

ரிப்போர்ட் எழுதினோம். அவன் பேர் இல்லாம, அந்த ஆள் பேசின மாதிரியே வார்த்தைக்கு வார்த்தை எழுதி ஸ்டூடெண்ட் அசோசியேஷன் வாட்ஸப் க்ரூப்ல போடச் சொன்னேன். அன்னிக்கு சாயங்காலமே ஒரு பொண்ணு கூப்பிட்டா, கடைல பில் போடற வரிசைல நிக்கறேன், கைல கார்டு இருக்கு, லைன்ல அந்த ஆள் இருக்கான், க்ரூப்ல பாத்துட்டு ஃப்ரெண்டோட ஃபோன்ல இருந்து கூப்பிடறேன், என்ன பண்ணட்டும்னு. கட் பண்ணும்மா, கார்டுங்கள அங்கயே வச்சுட்டு வெளில வான்னு சொன்னேன்.

பையனோட பணம் திரும்பக் கெடைக்கல. அந்தப் பொண்ணு விஷயத்த அவன்கிட்ட சொன்னேன், கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. வீட்டுல சொன்னியான்னு கேட்டா இல்லன்னு தலையாட்டினான், அப்பா லோன் போட்டு அனுப்பிச்ச காசு. அங்க அப்ப காலைல ஆறரை மணி. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன், கூப்பிடுன்னேன். அவங்கம்மா மொத ரிங்லயே எடுத்துட்டாங்க.