மார்க் போடுகிறவருக்கும் ஒரு மார்க்

ஒரு மாணவர் சக மாணவரின் பேப்பரைத் திருத்தி 10-க்கு 7 போட்டால், அந்த 7 இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறது. எழுதியவருக்கு எவ்வளவு தெரியும் என்பது ஒன்று. திருத்தியவருக்கு நல்ல விடையை அடையாளம் காணத் தெரிகிறதா என்பது இன்னொன்று. இரண்டையும் பிரித்தெடுப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

மாணவர் போடும் மார்க்கை நம்பலாமா? 48 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஃபால்ச்சிகோவும் கோல்ட்ஃபிஞ்சும் 2000-இல் சொன்ன பதில்: ஓரளவு நம்பலாம். மாணவர் மதிப்பெண்ணுக்கும் ஆசிரியர் மதிப்பெண்ணுக்கும் இடையிலான ஒட்டுறவு சராசரியாக 0.69. முழுக்க ஒத்துப்போனால் அது 1 ஆகும்.

மூன்று பேரைத் திருத்தச் சொல்லிச் சராசரி எடுத்தால் போதாதா? பானுவின் விடைக்கு மூவர் 8, 7, 3 போட்டிருக்கிறார்கள். சராசரி 6. ஆனால் அந்த மூவரும் இதே தேர்வில் வாங்கியவை 9, 8, 2. பாடம் தெரிந்தவரின் பேச்சுக்குக் கூடுதல் மதிப்புக் கொடுத்து, அவரவர் மதிப்பெண்ணையே எடையாக வைத்துக் கணக்கிட்டால் பானுவுக்கு 7.05 வருகிறது. சரி, அந்த 9, 8, 2 எங்கிருந்து வந்தன? அவையும் சக மாணவர்கள் போட்டவைதான். பானுவின் மதிப்பெண் மாறியதும் பானு திருத்திய பேப்பர்களின் கணக்கும் மாறும். அதனால் எண்கள் அசையாமல் நிற்கும்வரை மொத்த வகுப்புக்கும் திரும்பத் திரும்பக் கணக்குப் போட வேண்டும். 2014-இல் கணினி அறிஞர் டோபி வால்ஷ் முன்வைத்த ‘பியர்ரேங்க்’ முறையின் சாரம் இதுதான். முக்கியமான பக்கங்கள் சுட்டும் பக்கமும் முக்கியமானது என்று இணையப் பக்கங்களை வரிசைப்படுத்தும் கூகுளின் பேஜ்ரேங்க் தந்த யோசனை அது.

ஆனால் நன்றாகப் படிக்கிறவர் ஏனோதானோவென்று திருத்தலாமே! 2013-இல் கோர்ஸெரா என்ற இணையவழிக் கல்வித் தளத்தின் வகுப்பொன்றில் கிடைத்த 63,199 சக மதிப்பெண்களை அலசியவர்கள், ஒவ்வொருவரின் தாராளத்தையும் தடுமாற்றத்தையும் தனித்தனியாக மதிப்பிட்டார்கள். எப்போதும் 1 மார்க் கூட்டிப் போடுகிறவரால் பெரிய தொல்லையில்லை, கழித்துக்கொள்ளலாம். ஒருநாள் கூட்டியும் ஒருநாள் குறைத்தும் போடுகிறவர்தான் தலைவலி.

எனக்கு இதைவிடப் பிடித்தது எண்ணையே கேட்காத முறை. இரண்டு விடைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது மேல் என்று மட்டும் கேட்பது. உளவியலாளர் தர்ஸ்டன் 1927-லேயே இதற்கான கணிதத்தைக் கொடுத்துவிட்டார்: எது எதை வென்றது என்ற தீர்ப்புகள் போதுமான அளவு சேர்ந்தால் எல்லா விடைகளையும் ஒரே அளவுகோலில் நிறுத்திவிடலாம். பிரிட்டனின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் 194 முதலாண்டுக் கணித மாணவர்கள், திருத்தக் குறிப்பு எதுவும் இல்லாமல், இப்படி ஒருவர் விடையை ஒருவர் ஒப்பிட்டார்கள். அவர்களை இரு குழுவாகப் பிரித்துப் பார்த்தபோது இரு குழுக்களின் தீர்ப்புகளும் நன்றாக ஒத்துப்போயின. நிபுணர்களின் தீர்ப்போடும் பொருந்தின. இதில் எனக்கு வியப்பில்லை. முழு விடைக்கும் சேர்த்து ஒரே மார்க் போடும்போதுதான் மாணவர்கள் ஆசிரியரை நெருங்குகிறார்கள், கூறுகூறாகப் பிரித்துப் போடும்போது அல்ல என்பதை அந்த 48 ஆய்வுகளும் காட்டியிருந்தன.

நண்பனுக்கு மார்க்கை அள்ளிக் கொடுக்கும் சிக்கல் இருக்கவே இருக்கிறது. பெயரை மறைத்துக் குலுக்கல் முறையில் பேப்பரைப் பிரித்துக் கொடுத்தால் பெருமளவு குறையும். கலிஃபோர்னியாவின் யூசிஎல்ஏ பல்கலைக்கழகம் உருவாக்கிய திட்டம் ஒரு படி மேலே போனது. மாணவர் முதலில் மூன்று மாதிரிக் கட்டுரைகளைத் திருத்த வேண்டும். அவற்றுக்கான சரியான மதிப்பெண் ஆசிரியரிடம் ஏற்கெனவே இருக்கும். அதில் சொதப்பியவர் பிறகு சக மாணவர்களுக்குப் போடும் மார்க்குக்கு எடை குறைவு. திருத்திய லட்சணத்துக்கும் அவருக்கு மார்க் உண்டு.