எலிப்பொறி ஏன் காலியாகவே கிடக்கிறது?

பொறி வாங்கி, மணக்க மணக்க இரை வைத்து, சமையலறையின் நடுவில் வைத்துவிட்டுப் படுக்கிறோம். காலையில் பொறி வைத்தது வைத்தபடி இருக்கிறது. பக்கத்துத் தானிய மூட்டையில் மட்டும் புது ஓட்டை. உடனே "எலி ரொம்பப் புத்திசாலி" என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் எலியைக் காப்பாற்றியது அதன் புத்தியைவிட இரண்டு பிறவிக் குணங்கள்தான்: சுவரை ஒட்டியே ஓடுவது, புதுப் பொருளைக் கண்டால் விலகிப் போவது. இந்த இரண்டையும் கணக்கில் எடுத்துக்கொள்ளாத எந்த முறையும் பாதி நாள் பலிக்காது.

அதற்கு முன் வந்திருப்பது யார் என்று தெரிய வேண்டும். தரையில் வளை தோண்டும் பழுப்பு எலி 200 முதல் 500 கிராம் வரை இருக்கும். வால் உடம்பைவிடக் குட்டை. கூரை எலி மெலிந்தது, வால் உடம்பைவிட நீளம், கம்பியிலும் குழாயிலும் நடக்கும். சுண்டெலி 20 கிராம் சுமாருக்குத்தான் இருக்கும். ஆளைப் பார்க்க முடியாதபோது புழுக்கையைப் பார்க்கலாம். பழுப்பு எலியுடையது 18–20 மி.மீ. நீளம், முனை மழுங்கியிருக்கும். கூரை எலியுடையது 12 மி.மீ. சுமார், முனை கூர்மை. சுண்டெலியுடையது 3–6 மி.மீ., பெரிய சீரகம் போல. புதுப் புழுக்கை கறுப்பாக, பளபளப்பாக, மெத்தென்று இருக்கும். பழசு சாம்பல் பூத்து, குச்சியால் தொட்டால் உதிரும். பழசு மட்டும் கிடந்தால் அந்த இடத்தில் பொறி வைத்துப் பயனில்லை.

நீண்ட மூக்கோடு கீச்சிட்டபடி சுவரோரம் போகும் மூஞ்சூறு எலி இனமே அல்ல. அது கரப்பானையும் பூச்சியையும் தின்பது. அதற்காக எலி மருந்து வைப்பவர்கள் நிறையப் பேர்.

சுவரும் மீசையும்

எலிக்குக் கண்பார்வை மட்டம். இருட்டில் அதற்கு வழிகாட்டுவது மீசையும் மூக்கும். ஒரு பக்க மீசை சுவரில் உரசிக்கொண்டே இருந்தால்தான் அதற்குத் தெம்பு. அதனால் ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப ஓடும். உடம்பின் எண்ணெய்ப் பிசுக்கும் அழுக்கும் படிந்து, சுவரின் அடியில் கறுத்த கோடு விழும். அந்தக் கோடுதான் பொறி வைக்க வேண்டிய இடம். கோடு தெரியவில்லையென்றால், சந்தேகப்படும் மூலைகளில் மாவையோ முகப் பவுடரையோ ஒரு கை அகலத்துக்கு மெல்லிய படலமாகத் தூவிவிட்டு, காலையில் டார்ச்சைத் தரையோடு சாய்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். முன்காலின் 4 விரலும் பின்காலின் 5 விரலும், சில இடங்களில் நடுவே வால் இழுத்த கோடும் தெரியும். போன திசையும் தெரிந்துவிடும்.

கம்பி அடிக்கும் ஸ்பிரிங் பொறியைச் சுவருக்குச் செங்குத்தாக, இரை வைக்கும் தட்டு சுவரைத் தொடும்படி வைக்க வேண்டும். இடமிருந்து வந்தாலும் வலமிருந்து வந்தாலும் எலியின் தலை அந்தத் தட்டின் மேல்தான் போகும். சுவருக்கு இணையாக ஒரே பொறியை வைத்தால், பின்பக்கத்திலிருந்து வரும் எலி கம்பியைத் தட்டிவிட்டு உயிரோடு ஓடும். இடம் குறுகலாக இருந்தால் இரண்டு பொறிகளை முதுகோடு முதுகாக, தட்டுகள் வெளிப்பக்கம் பார்க்க வைக்கலாம். கூரை எலிக்குத் தரையில் வைத்துக் காத்திருப்பது வீண். அலமாரியின் மேல், உத்தரத்தின் மேல், குழாய் சுவரைத் துளைக்கும் இடத்தில் பொறியைக் கம்பியால் கட்டி வைக்க வேண்டும். கட்டாவிட்டால் அடிபட்ட எலி பொறியோடு உள்ளே எங்கேயாவது விழுந்து நாறும்.

சுண்டெலிப் பொறியில் பெரிய எலி மாட்டாது, காயம்தான் படும். அடுத்த முறை அது பொறியின் பக்கமே வராது. அளவு பார்த்து வாங்க வேண்டும்.

ஒரு வாரம் சும்மா வைத்த பொறி

புதுப் பொருளைக் கண்டு விலகும் குணம் பெரிய எலிகளுக்கு அதிகம். தினமும் போகும் தடத்தில் ஒரு செங்கல்லை வைத்தாலே சில நாள் சுற்றிப் போகும். அதனால் பொறியை இரையோடு வைத்து, கம்பியை இழுத்து மாட்டாமல் 3 முதல் 7 நாள் விட வேண்டும். இரை தொடர்ந்து காணாமல் போகத் தொடங்கிய பிறகு, எல்லாப் பொறிகளையும் ஒரே மாலையில் மாட்ட வேண்டும். எண்ணிக்கையில் கஞ்சம் கூடாது. தடம் நெடுக 4–5 மீட்டருக்கு ஒன்று. நடமாட்டம் அதிகமுள்ள மூலையில் இரண்டு மூன்று. அதிகம் சிக்குவது முதல் இரவில்தான். ஒரு பொறியை ஒரு மாதம் வைப்பதைவிட, பத்துப் பொறியை மூன்று இரவு வைப்பது மேல்.

சுண்டெலி இதற்கு நேர்மாறு. புதிதாக எதைக் கண்டாலும் வந்து முகர்ந்து பார்க்கும். அதற்குப் பழக்கப்படுத்தத் தேவையில்லை. முதல் நாளே மாட்டிவிடலாம். ஆனால் அது கூட்டிலிருந்து சில மீட்டருக்கு அப்பால் அதிகம் போகாது. எனவே 2 மீட்டருக்கு ஒரு பொறி வேண்டும்; இரண்டு நாளில் சிக்கவில்லையென்றால் இடத்தை மாற்ற வேண்டும்.

இரை பட்டாணி அளவு போதும். வேர்க்கடலை விழுது நல்லது, ஏனென்றால் ஒட்டிக்கொள்ளும். நக்கி எடுக்க எலி தட்டை அழுத்தியே ஆக வேண்டும். அதிகமாக அப்பினால் ஓரத்திலிருந்தே தின்றுவிட்டுப் போய்விடும். துண்டாக எதையாவது வைத்தால் நூலால் தட்டோடு இறுகக் கட்ட வேண்டும். சாப்பாடு தாராளமாகக் கிடைக்கும் வீட்டில் எந்த இரையும் எடுபடாமல் போகலாம். அங்கே ஒரு துண்டுச் சணலோ பஞ்சோ கட்டிப் பார்க்கலாம். கூடு கட்ட அதற்கு எப்போதும் தேவை.

பசை அட்டையைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. தூசி படிந்தால் ஒட்டாது, பெரிய எலி பிய்த்துக்கொண்டு போகும், ஒட்டியது மணிக்கணக்கில் துடிக்கும். கூண்டுப் பொறி நல்லதுதான். ஆனால் பிடித்ததைத் தெருமுனையில் விட்டால் திரும்பி வந்துவிடும்.

நஞ்சு: அவசரம் பலிக்காத இடம்

எலியால் வாந்தி எடுக்க முடியாது. தின்றது நஞ்சென்றால் வெளியே தள்ள வழியில்லை. ஆகவே புது உணவை முதலில் கொஞ்சமாகத் தின்று பார்க்கும். உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லையென்றால் அந்தச் சுவையைப் பிறகு தொடாது. 1955-இல் ஜான் கார்சியாவும் அவருடன் பணியாற்றியவர்களும் எலிகளுக்குச் சாக்கரின் கலந்த இனிப்புத் தண்ணீர் கொடுத்து, கூடவே காமாக் கதிரையும் செலுத்தினார்கள். எலிகளை நோகவைத்தது கதிர். அவை வெறுத்து ஒதுக்கியதோ இனிப்பை! தின்றதற்கும் குமட்டலுக்கும் நடுவே பல மணி நேரம் ஆனாலும் எலி இந்த முடிச்சைப் போட்டுவிடும் என்று பின்னால் தெரிந்தது.

துத்தநாக பாஸ்பைடு போன்ற உடனடி நஞ்சு சறுக்குவது இங்கேதான். வயிற்று அமிலத்தில் அது பாஸ்பைன் வாயுவாக மாறிக் கொல்கிறது. போதிய அளவு தின்ற எலி சாகும். கொஞ்சமாகக் கொறித்துப் பார்த்தது பிழைத்து, அந்த இரையை நிரந்தரமாக ஒதுக்கும். மனிதர் தின்றால் இதற்கு முறிமருந்தும் கிடையாது. மஞ்சள் பாஸ்பரஸ் பசையும் அப்படியே, ஈரலைச் சிதைத்துவிடும். இரண்டும் வீட்டுக்குள் வரவே கூடாதவை.

இந்தப் பூட்டுக்குச் சாவி கிடைத்தது மாட்டுத் தொழுவத்திலிருந்து. அமெரிக்காவில் பூசணம் பிடித்த இனிப்புக் குளோவர் தீவனத்தைத் தின்ற மாடுகள் உள்ளுக்குள் ரத்தம் கசிந்து செத்தன. 1933 பிப்ரவரியில், பனிப்புயலுக்கு நடுவே, விஸ்கான்சின் விவசாயி ஒருவர் செத்த கிடாரியையும் உறையாத ரத்தம் நிரம்பிய பால் கேனையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு உயிர்வேதியியலாளர் கார்ல் பால் லிங்க்கின் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தார். தீவனத்திலிருந்த குற்றவாளி டைகூமரால் என்று பிரித்தெடுக்கச் சில ஆண்டுகள் ஆயின. அதன் வழியில் உருவான வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாகச் சந்தைக்கு வந்தது.

ரத்தம் உறைய உதவும் சில புரதங்களை ஈரல் தயாரிக்க வைட்டமின் கே வேண்டும். ஒருமுறை பயன்பட்ட வைட்டமினை ஒரு நொதி புதுப்பித்துத் தருகிறது. வார்ஃபரின் அந்த நொதியை முடக்குகிறது. ஏற்கெனவே ரத்தத்தில் உள்ள புரதம் தீரும்வரை எலிக்கு ஒரு குறையும் தெரியாது, தொடர்ந்து தின்னும். நாலைந்து நாளில் ரத்தக் கசிவில் சாகும். நாள் கணக்கில் தள்ளிப்போகும் நோவை இரையோடு முடிச்சுப்போட அதனால் முடியவில்லை. 1958-இல் ஸ்காட்லாந்தில் வார்ஃபரினுக்கு அசராத எலிகள் தென்பட்டன. அதன் பின் வந்த புரோமாடியோலோன், புரோடிஃபாகூம் போன்றவை வீரியம் மிக்கவை. ஈரலில் மாதக்கணக்கில் தங்கும். அந்த எலியைத் தின்னும் ஆந்தையையும் பூனையையும் தாக்கும்.

"மருந்து தின்ற எலி தாகமெடுத்து வெளியே போய்ச் சாகும்" என்பது கட்டுக்கதை. பெரும்பாலும் சாவது வளையிலோ கூரை இடுக்கிலோ. நாற்றம் வாரக்கணக்கில் நீடிக்கும். வீட்டுக்குள் பொறி, வெளியே மட்டும் பூட்டிய இரைப்பெட்டியில் மருந்து என்று வைத்துக்கொள்வது நல்லது. குழந்தையோ வளர்ப்புப் பிராணியோ தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தால், "நன்றாகத்தானே இருக்கிறது" என்று காத்திருக்கக் கூடாது. அறிகுறி தாமதமாக வருவதுதான் இந்த மருந்தின் இயல்பே. பொட்டலத்தோடு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். வார்ஃபரின் வகைக்கு முறிமருந்து வைட்டமின் கே1.

செத்த எலியைப் பார்த்து மற்றவை எச்சரிக்கையாகிவிடும் என்பதும் நிற்காது. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பென்னட் கேலஃப் காட்டியது வேறு: ஓர் எலியின் மூச்சில் வரும் உணவு வாசனையை முகர்ந்த மற்றோர் எலி அதே உணவைத் தேடித் தின்னும். வாசனை சுமந்து வந்த எலி நோயுற்றிருந்தாலும்கூட!

வாசலை அடைப்பது

பொறியைச் சும்மா வைத்திருக்கும் அந்த ஒரு வாரம் ஓட்டை தேடும் வாரம். சுண்டெலிக்கு 6 மி.மீ. இடுக்கும், எலிக்குட்டிக்கு 12 மி.மீ. ஓட்டையும் போதும். இரவில் உள்ளே விளக்கைப் போட்டு வெளியே நின்று பார்த்தால், கதவடியில் வெளிச்சம் கசியும் இடமெல்லாம் வாசல். ஓட்டை புழக்கத்தில் இருக்கிறதா என்று அறிய, கசக்கிய காகிதத்தைத் தளர்வாகச் செருகி இரண்டு இரவு விட வேண்டும், தள்ளப்பட்டிருந்தால் புழங்குகிறது.

அடைக்கும் பொருளில்தான் பலர் தவறுவது. எலியின் வெட்டுப்பல் ஆண்டுக்கு 10 செ.மீ.க்கு மேல் வளர்கிறது. முன்பக்கம் மட்டும் கடினமான எனாமல், பின்பக்கம் மென்மை. பின்பக்கம் சீக்கிரம் தேய்வதால் முனை உளிபோல எப்போதும் கூர். கொறிக்கும்போது பல்லுக்குப் பின்னால் உதட்டை மடக்கி வாயை அடைத்துக்கொள்ளும். துகள் தொண்டைக்குப் போகாது. எனவே மரம், பிளாஸ்டிக், நுரை அடைப்பான், ரப்பர் எதுவும் நிற்காது. ஓட்டைக்குள் துருப்பிடிக்காத கம்பி நாரைத் திணித்து, மேலே சிமென்ட் கலவை பூச வேண்டும். கலவையை மட்டும் பூசினால் காய்வதற்குள் தோண்டிவிடும். சாதாரணக் கம்பி நார் ஈரத்தில் துருப்பிடித்து உதிரும். பெரிய திறப்புக்கு 6 மி.மீ. கண் உள்ள கால்வனைஸ் கம்பி வலை. கதவடியில் உலோகத் தகடு. வழவழப்பான பரப்பில் பல் பிடிக்காது, விளிம்பு கிடைத்தால்தான் கொறிக்கத் தொடங்கும். ஆகவே தகடு ஓட்டையைத் தாண்டி நான்கு பக்கமும் மூட வேண்டும். கழிவுநீர்க் குழாய் வழியாகவும் வரும். கழிப்பறையில் தேங்கி நிற்கும் நீர் நீந்தத் தெரிந்த எலிக்குத் தடையே இல்லை. ஒருவழி அடைப்பிதழ்தான் தடுக்கும்.

கொல்வதால் மட்டும் எண்ணிக்கை குறையாது என்பது 1940களிலேயே தெரிந்த விஷயம். பால்டிமோர் நகரில் டேவிட் டேவிஸ் முதலானோர் ஆராய்ந்தபோது, நஞ்சு வைத்த குடியிருப்புகளில் எலிகள் குறைந்து மறுபடி பழைய அளவுக்கே ஏறின. சினைக்காலம் 3 வாரம், ஓர் ஈற்றுக்கு 6–12 குட்டி என்றால் ஏறாமல் என்ன செய்யும்? உணவும் ஒதுங்கிடமும் குறைந்த இடத்தில்தான் குறைந்தபடி நின்றது. ஓர் எலிக்கு ஒரு நாளைக்கு 15–30 கிராம் உணவு போதும். நாய்க்கு வைத்த மிச்சமே அதற்குப் போதுமானது.

காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பும் கருவியை வாங்க வேண்டாம். அந்த ஒலி சுவரையோ அலமாரியையோ ஊடுருவாது. சில நாளில் எலி பழகிவிடும். 2001-இல் அமெரிக்க வணிக ஆணையமான எஃப்டிசி, இவற்றைத் தயாரித்து விற்கும் 60-க்கும் மேற்பட்டவர்களுக்கு ஆதாரமில்லாத விளம்பரம் குறித்து எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. பூனையும் சுண்டெலிக்குத்தான். நியூயார்க்கில் ஒரு குப்பை மறுசுழற்சிக் கூடத்தில் 79 நாள் கேமரா வைத்துப் பார்த்த ஆய்வில் (2018-இல் வெளியானது), பூனைகள் கொன்றவை இரண்டே எலிகள். மற்றவை வெளியே வருவதைக் குறைத்துக்கொண்டன, அவ்வளவுதான்.

கடைசியாகச் சுத்தம். உலர்ந்த புழுக்கையைத் துடைப்பத்தால் பெருக்கவோ வேக்குவம் போடவோ கூடாது. கிருமி தூசியாக எழும். அரை மணி நேரம் ஜன்னலைத் திறந்து வைத்து, கையுறை போட்டு, 1 பங்கு ப்ளீச்சுக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து நனைத்து, 5 நிமிடம் ஊறவிட்டுத் துடைக்க வேண்டும். செத்த எலியையும் அப்படியே நனைத்து, இரட்டைப் பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். உடம்பு ஆறியதும் தெள்ளுப்பூச்சி இறங்கி வேறு உடம்பு தேடும் என்பதால் தாமதிக்கக் கூடாது. எலிக்காய்ச்சல் கிருமி சிறுநீர் வழியாகப் பரவுவது. தோல் கீறலிலும் கண்ணிலும் நுழையும். அறிகுறி காட்டப் பொதுவாக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். அந்தச் சமயத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், எலி சுத்தம் செய்த விவரத்தை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.