மீன்காரம்மாவுக்கு ஐந்து

மகள் கல்யாணம் முடிந்த நாற்பதாவது நாள் அந்த அம்மா என் கிளினிக்குக்கு வந்தார். வீடு கடலூரில் திருப்பாதிரிப்புலியூர் பக்கம், வயது ஐம்பத்தாறு. (ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கையில் தடித்த ஃபைல்: ஈ.சி.ஜி., எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனைகள். நெஞ்சு படபடப்பு, உடம்பெல்லாம் வலி, விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு. பார்த்த பரிசோதனை எல்லாம் நார்மல். மனசு சரியில்லை என்று சொல்லிக்கொண்டு நம் ஊரில் யாரும் மனநல மருத்துவரிடம் வருவதில்லை. உடம்பைத்தான் முதலில் பேசவிடுவார்கள்.

"வீட்டுக் கடன் முடியட்டும் என்று இருந்தேன், முடிந்தது. பையனுக்கு வேலை கிடைக்கட்டும் என்று இருந்தேன், கிடைத்தது. பெண்ணையும் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. இனி எதற்குக் காத்திருப்பது என்றுதான் தெரியவில்லை, டாக்டரம்மா."

இந்த 'முடியட்டும்' எனக்குப் பழக்கமான சொல். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் அடித்து, பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்த பிறகு, அங்கிருந்து வந்தவர்கள் 'கன்று காய்ப்புக்கு வரட்டும்' என்றார்கள். விதை போட்டு முளைத்த பலா காய்க்க ஏழெட்டு ஆண்டு ஆகும். அத்தனை காலம் ஒரு மனிதர் சிரிப்பைத் தள்ளிப்போட முடியுமா? முடிகிறது. என் கவலையே அதுதான்.

1978இல் அமெரிக்காவில் வெளியான ஒரு ஆய்வை மாணவர்களுக்கு அடிக்கடி சொல்வேன். லாட்டரியில் பெரும் பணம் விழுந்த 22 பேரைச் சாதாரண ஆட்களோடு ஒப்பிட்டார்கள். பணம் விழுந்தவர்களுக்கு மகிழ்ச்சி குறிப்பிடும்படி கூடியிருக்கவில்லை. எனக்குப் பிடித்தது அதன் இன்னொரு முடிவு. நண்பரோடு பேசுவது, காலைச் சாப்பாடு, ஒரு நகைச்சுவையைக் கேட்பது போன்ற அன்றாடச் சுகங்கள் அவர்களுக்குக் குறைவாகவே ருசித்தன. சின்ன ஆய்வுதான், அதை வைத்துப் பெரிய கோட்டை கட்டக் கூடாது. ஆனால் 'எல்லாம் கைகூடிய' பிறகு என்னிடம் வருபவர்களின் முகங்கள் அதை மறுக்கவில்லை.

அந்த அம்மாவுக்கு வந்திருந்தது மனச்சோர்வு நோய். தைராய்டு பார்த்தோம், சரியாக இருந்தது. மாத்திரை எழுதினேன். கூடவே ஒரு வேலையும் கொடுத்தேன். 'மனசு தெளியட்டும், பிறகு வெளியே போகிறேன்' என்பது நோயின் கணக்கு. சிகிச்சையின் கணக்கு நேர் எதிர்: முதலில் கால் நடக்க வேண்டும், மனசு பின்னால் வரும். பிஹேவியரல் ஆக்டிவேஷன் என்று இதற்குப் பெயர். 1970களில் பீட்டர் லூயின்சோன் என்ற உளவியலாளர் இதற்கு அடித்தளம் போட்டார். மனச்சோர்வுக்குத் தரப்படும் அறிவாற்றல் சிகிச்சை, அதாவது எண்ணங்களைத் திருத்தும் பேச்சு சிகிச்சை, இதையும் ஒரு பகுதியாகக் கொண்டது. அந்த முழு சிகிச்சைக்கு இந்தப் பகுதி தனியாகவே ஈடுகொடுக்கிறது என்று 1996இல் உளவியலாளர் ஜேக்கப்சன் குழுவினர் காட்டினார்கள்.

செய்முறை எளிது. அன்றன்று செய்ததைக் குறித்து, அது எவ்வளவு இதமாக இருந்தது என்று பத்துக்கு ஒரு எண் போட வேண்டும். அவர் பால் கணக்கு எழுதும் காலண்டரிலேயே எழுதிக்கொண்டு வந்தார். நான் பெரிதாக நம்பியிருந்தது தேவனாம்பட்டினம் கடற்கரையை. பக்கத்திலேயே இருந்தும் ஆறு வருடமாக அவர் கடலைப் பார்க்கவில்லை என்றதும், அதுதான் மருந்து என்று முடிவு கட்டியிருந்தேன்.

கடற்கரைக்கு அவர் போட்ட எண் ஒன்று. "நடந்தால் மணலில் கால் புதைகிறது, போகிறவர் வருகிறவர் எல்லாம் ஜோடி ஜோடியாக இருக்கிறார்கள்." டி.வி. தொடருக்கு இரண்டு. கோலத்துக்கு மூன்று. ஒரு கூறு நெத்திலிக்காகத் தெருவில் கூடைக்கார அம்மாவோடு பேரம் பேசிச் சண்டை போட்ட புதன்கிழமைக்கு ஐந்து!

அவருக்கே நம்ப முடியவில்லை. எனக்கும்தான். எது நமக்கு இதம் தரும் என்று ஊகிப்பதில் நாம் எல்லோருமே மோசம், மருத்துவர்கள் உட்பட. அதனால்தான் எழுதிப் பார்க்கச் சொல்கிறேன். யோகா, பயணம், இசை என்று பொதுவாக ஒப்பிக்கிற பட்டியல்களில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அவற்றில் மீன்காரம்மா இருக்க மாட்டார்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேலாக, நாளின் பெரும்பகுதி மனம் கனத்தோ எதிலும் நாட்டமற்றோ இருந்து, தூக்கமும் பசியும் கெட்டு, 'நான் இருந்து என்ன பயன்' என்ற நினைப்பு ஓடினால், அது காலண்டரில் எண் போட்டு மட்டும் சரிசெய்கிற விஷயமல்ல. அப்படிப்பட்டவரிடம் 'சந்தோஷமாக இரு' என்று சொல்வது கால் உடைந்தவரிடம் ஓடச் சொல்வதற்குச் சமம். ரத்தசோகை, தைராய்டு, பி12 குறைபாடு இவற்றைப் பரிசோதித்துவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையிலேயே இதற்கான பிரிவு இருக்கிறது. நேரில் வரத் தயக்கமாக இருந்தால் 14416க்கு அழைக்கலாம். 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால், அந்த நேரத்தில் தனியாக இருக்காதீர்கள்.

அந்த அம்மா இப்போதும் வருகிறார். தூக்கம் ஐந்தரை மணி வரை நீண்டிருக்கிறது. மாத்திரையை எப்போது நிறுத்தலாம் என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார். குணமான பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும் என்று நானும் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். சென்ற மாதம் மீன்காரம்மா நான்கு நாள் தெருப்பக்கம் வரவில்லையாம். விசாரித்துக்கொண்டு இவரே பஸ் ஏறி முதுநகர் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். காய்ச்சலாம். காலண்டரைப் புரட்டினேன், அந்த நாளுக்கு எண் இல்லை. கேட்டால், எழுத மறந்துவிட்டேன் என்றார்.