டொமைன் பெயரில் தேடல் சொல் இருந்தால் கூகுளில் முதலிடமா?

பெங்களூரு அல்சூரில் ஃப்ரிட்ஜ் மெக்கானிக் கடை வைத்திருக்கும் வாசகர் கேட்கிறார்: "'ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பெங்களூர்' என்று மூன்று சொல்லையும் ஒட்டிய டாட் காம் முகவரி ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கினால் கூகுளில் முதலில் வருவோமா?"

2012-க்கு முன்னால் என்றால் வாங்கிப் போடுங்கள் என்றிருப்பேன்.

எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடுபொறி அட்டவணை போட்டு வைப்பது தெரிந்ததுதான். முகவரியில் உள்ள சொல்லும் அந்தக் கணக்கில் சேரும். ஆனால் சுவாரஸ்யமான வேலை வேறு இடத்தில் நடந்தது.

கூகுளை உருவாக்கிய லாரி பேஜும் செர்கே பிரினும் ஸ்டான்ஃபோர்டில் இருந்தபோது, 1998-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்கு லிங்க் கொடுக்கும்போது, நாம் அழுத்துவதற்கென்று சில சொற்கள் இருக்குமே, அவற்றை லிங்க் இருக்கும் பக்கத்தின் கணக்கில் மட்டும் வைக்காமல், லிங்க் போய்ச் சேரும் பக்கத்தின் கணக்கிலும் எழுதினார்கள். மாப்பிள்ளையைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிக்கிற அதே நியாயம். வெறும் படம் மட்டுமே உள்ள பக்கத்தைக்கூட இப்படித் தேடி எடுத்துவிடலாம். எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது.

ஓட்டையும் இங்கேதான். கடைக்கு உங்கள் அப்பா பெயர் என்றால், லிங்க் கொடுப்பவர் அப்பா பெயரைத்தான் எழுதுவார். பெயரே 'ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பெங்களூர்' என்றால்? வாடிக்கையாளர் தேடும் அதே சொற்களை, தனக்கே தெரியாமல், உங்களுக்குச் சான்றாக எழுதிக் கொடுத்துவிடுவார். இதில் ஏமாற்று எது, இயல்பு எது என்று பிரிப்பது கஷ்டம். பெயரைத்தானே எழுதியிருக்கிறார்!

சரக்கே இல்லாத தளங்கள் இப்படி மேலே வந்ததும் கூகுள் விழித்துக்கொண்டது. 2012 ஏப்ரலில், செயற்கையாகச் சேர்த்த லிங்குகளைப் பிடிக்க 'பெங்குவின்' என்ற பெயரில் தேடல் முறையில் ஒரு மாற்றம் வந்தது. செப்டம்பர் இறுதியில், தேடும் சொல்லையே பெயராக வைத்த தரமற்ற தளங்களின் மேல் கை வைத்தார்கள். அமெரிக்க ஆங்கிலத் தேடல்களில் 0.6 சதவீதத்தில் மாற்றம் தெரியும் என்று கூகுளின் மேட் கட்ஸ் அறிவித்தார். முகவரியில் உள்ள சொற்களையும் பார்க்கிறோம், ஆனால் அளவுக்கு மீறி மதிப்புத் தருவதில்லை என்பதுதான் இன்றும் கூகுள் சொல்வது.

நியூமராலஜி பார்த்து முகவரியில் ஓர் எழுத்தைக் கூட்டுகிறவர்கள் தனி ரகம். பெயரைக் கேட்டவர் தட்டும்போது அந்தக் கூடுதல் எழுத்து இருக்காது. ஜோசியருக்குக் கொடுத்த பணத்தில் ஒரு போர்டாவது எழுதியிருக்கலாம்.

அப்புறம், உங்கள் தொழிலுக்கு கூகுள் மேப்தான் முக்கியம். அங்கே பொருத்தம், தூரம், பிரபலம் மூன்றையும் கூகுள் பார்க்கிறது. கடை இருக்கும் இடம், திறக்கும் நேரம், போன் நம்பர் மூன்றும் அதில் சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முகவரி வாங்கியே தீருவேன் என்றால், போனில் ஒரு தடவை சொன்னதும் எழுதிக்கொள்ள முடிகிற பெயராகப் பார்த்து வாங்குங்கள்.