ஆபரேட்டர் உரிமத்தின் மீது விசாரணை வந்தால்: கழிவுநீர் நிலையத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு

அமெரிக்காவில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலைய ஆபரேட்டருக்கு உரிமம் தருவது அந்தந்த மாநிலம். தந்தவர்களே அதை நிறுத்திவைக்கலாம், ரத்தும் செய்யலாம். பின்னணி இவ்வளவு போதும்.

நிலையத்தின் மீதான நடவடிக்கை வேறு, உங்கள் உரிமத்தின் மீதான நடவடிக்கை வேறு. நிர்வாகம் அபராதம் கட்டியதும் எல்லாம் முடிந்தது என்று நம்பி இருந்தவர்களுக்கு, அப்புறம் தனியாக நோட்டீஸ் வந்ததைப் பார்த்திருக்கிறேன். வேலையை விட்டுவிட்டாலும் விசாரணை நிற்காது.

வெளியேற்றும் நீரில் மாசு வரம்பைத் தாண்டுவதை விடப் பொய்ப் பதிவைத்தான் கடுமையாகப் பார்க்கிறார்கள். பிஎச் (நீரின் அமில-காரத் தன்மை), நீரில் எஞ்சிய குளோரின் இரண்டையும் மாதிரி எடுத்த 15 நிமிடத்துக்குள் சோதிக்க வேண்டும். பதிவேட்டில் காலை 7 மணிச் சோதனை இருக்கிறது, வாசலில் உங்கள் அட்டை பதிவானது 7.40 என்றால், விசாரணை அதிகாரி அங்கேதான் பிடிப்பார். "அந்த எண்ணைக் கொஞ்சம் சரிபண்ணிப் போடு" என்று மேலாளர் வாயால்தான் சொல்வார். கையெழுத்து உங்களுடையது. தெரிந்தே பொய்யாக எழுதினால், மத்திய தூய நீர்ச் சட்டப்படி முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறை, 10,000 டாலர் வரை அபராதம், அல்லது இரண்டும். தவறாக எழுதிவிட்டால் ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் இடுங்கள். வெள்ளை மை பூசவே பூசாதீர்கள்.

நோட்டீஸ் வந்ததும் முதலில் கெடு தேதியைப் பாருங்கள். பழைய முகவரிக்குப் போன கடிதமும் உங்களுக்கு வந்ததாகவே கொள்ளப்படலாம். அதனால் வீடு மாறினால் உரிமப் பிரிவுக்கு உடனே தெரிவியுங்கள். பதில் போடாவிட்டால் உங்களைக் கேட்காமலே உத்தரவு போட்டுவிடுவார்கள். உரிமப் பிரிவைக் கேட்டால் அமலாக்கப் பிரிவு என்பார்கள், அங்கே கேட்டால் கோப்பு வட்டார அலுவலகத்தில் என்பார்கள். இப்படி அலையவிடும் நேரத்திலும் கெடு ஓடிக்கொண்டேதான் இருக்கும். தொலைபேசியில் "காத்திருங்கள், கூப்பிடுகிறோம்" என்றால் அதை நம்பி உட்காராதீர்கள். அன்றைக்கே மின்னஞ்சலில் எழுதி, பதிலையும் எழுத்தில் கேளுங்கள்.

"சும்மா இரண்டு கேள்விதான்" என்று விசாரணை அதிகாரி கூப்பிட்டாலும், நீங்கள் சொல்வது வாக்குமூலம்தான். நிறுவனத்தின் வழக்கறிஞர் நிறுவனத்துக்காக வந்தவர்; உங்களைக் கைகாட்டி விடுவது நிறுவனத்துக்கு லாபம் என்றால் அவரிடம் என்ன எதிர்பார்க்க முடியும்? தனியாக ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். பதிவேட்டின் நகல்களையும் வேலையில் இருக்கும்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வேலை போய்விட்டால் உள்ளே விடமாட்டார்கள்.

"உரிமத்தை நீங்களே ஒப்படைத்துவிடுங்கள், கோப்பை மூடிவிடலாம்" என்பார்கள். அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். விசாரணை நடக்கும்போது ஒப்படைத்தது தண்டனையாகவே பதிவாகலாம். நாளைக்கு வேறொரு மாநிலத்தில் விண்ணப்பித்தால், முன்பு நடவடிக்கை உண்டா என்று அங்கே கேட்பார்கள்.

பொய் எழுத மறுத்ததற்காகவோ புகார் சொன்னதற்காகவோ வேலையை விட்டு நீக்கினால், தூய நீர்ச் சட்டத்தின் கீழ் மத்திய தொழிலாளர் துறையின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவிடம் முறையிடலாம். ஆனால் 30 நாள்தான் அவகாசம். நிறுவனத்துக்குள் மேல்முறையீடு நடக்கிறதே என்று காத்திருந்து அந்த நாள்களைத் தொலைத்துவிடாதீர்கள்.