ரெசினுக்குப் பிடி கொடுக்காத பிளாஸ்டிக்

உவரியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்களிடம் துடுப்புப் போடும் சிறிய பிளாஸ்டிக் படகு ஒன்று இருக்கிறது. அதைக் கவிழ்த்து, அடிப்பாகத்தின் மேல் பைபர் போட்டு அச்சு எடுக்கலாம் என்கிறார்கள். கையில் பட்டாலே லேசில் போகாத ரெசின் படகில் மட்டும் ஒட்டாமல் இருக்குமா?" 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரையில் பைபர் வள்ளங்கள் பெருகிவிட்டதால், ரெசினையும் (இறுகிக் கெட்டியாகும் பாலியெஸ்டர் பிசின்) மேட்டையும் (கண்ணாடி இழை விரிப்பு) உவரி, இடிந்தகரை, கூத்தங்குழிக்காரர்களுக்கு நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை. ஜெல்கோட்டை, அதாவது வழவழப்பான முதல் ரெசின் பூச்சை, அரை மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசுவது, அது இறுகியதும் மேட்டை ரெசினில் நனைத்து அடுக்குவது, இறுதியில் வெளிப்புறம் விலாக்கட்டைகளைப் பதிப்பது ஆகிய வேலைகளை அவர்கள் என்னைவிட நன்றாகவே செய்வார்கள். ஆகவே கேள்வியின் மையத்துக்கே வருகிறேன்.

ஒரு திரவம் ஒரு பரப்பில் ஒட்ட வேண்டுமானால், முதலில் அது அங்கே நன்றாகப் படர வேண்டும். மூலக்கூறுகளுக்கு இடையிலான ஈர்ப்பு மிக நெருங்கிய தொலைவில்தான் வேலை செய்யும். படர்ந்த பிறகு பற்றிக்கொள்ள ஏதாவது கிடைக்க வேண்டும். இத்தகைய படகுகள் பெரும்பாலும் பாலிஎத்திலீனால் வார்க்கப்படுகின்றன. பாலிஎத்திலீன் என்பது கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட நெடுஞ்சங்கிலி. அதில் மின்னூட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்த இடம் என்று எதுவும் இல்லை. அதனால் அதன் பரப்பாற்றல், அதாவது தன்மேல் படுவதை இழுத்துப் பிடிக்கும் வலு, ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 31 மில்லிஜூல்தான். தண்ணீருக்கு அது 72. மேலும், பாலியெஸ்டர் ரெசினில் கலந்திருக்கும் ஸ்டைரீன் பல பிளாஸ்டிக்குகளைக் கரைத்து உள்ளே புகுந்துவிடும் இயல்புடையது. ஆனால் நெருக்கமாக அடுக்கப்பட்ட பாலிஎத்திலீன் சங்கிலிகளிடம் அதன் வேலை பெரிதாக நடப்பதில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. பாரஃபின் மெழுகின் மூலக்கூறும் இதே கார்பன்-ஹைட்ரஜன் சங்கிலிதான்; மெழுகில் அது சில பத்துக் கார்பன்களோடு முடிந்துவிடுகிறது, பாலிஎத்திலீனில் ஆயிரக்கணக்கில் நீள்கிறது. அதாவது, மற்ற அச்சுகளில் ரெசின் ஒட்டாமலிருக்க நாம் தேய்த்துத் தேய்த்து ஏற்றும் மெழுகின் குணம் இந்தப் படகின் உடம்பிலேயே முழுக்க இருக்கிறது. ஆனால் நெடுநாள் வெயிலில் கிடந்த படகின் மேற்பரப்பில் ஆக்சிஜன் சேர்ந்து, பரப்பாற்றல் சற்றே உயர்ந்திருக்கும். (பாலிஎத்திலீன் பைகளில் அச்சடிப்பதற்கு முன், மை பிடிப்பதற்காகவே மின்பொறியையோ தீச்சுடரையோ காட்டி இந்த மாற்றத்தை வேண்டுமென்றே உண்டாக்குகிறார்கள்.) ஆகவே பழைய படகுக்கு மெழுகு பூசுவது வீண்வேலை அல்ல.

இவை அனைத்தும் படகு உண்மையிலேயே பாலிஎத்திலீனாக இருந்தால்தான். கத்தியால் ஒரு சிறு துருவலைச் சுரண்டி, நல்ல தண்ணீரில் விரலால் அமுக்கிவிட்டுப் பாருங்கள். அமுக்காவிட்டால், மூழ்க வேண்டிய துருவலும் பரப்பு இழுவிசையால் மிதந்து ஏமாற்றும். மேலே வந்தால் பாலிஎத்திலீன் அல்லது அதன் உறவான பாலிபுரோப்பிலீன். மூழ்கினால் ஏபிஎஸ், பிவிசி போன்ற வேறு பிளாஸ்டிக்காக இருக்கலாம். அவற்றை ஸ்டைரீன் தின்றுவிடும். அப்போது மெழுகின் மேல் பிவிஏ (பாலிவினைல் ஆல்கஹால்) கரைசலைப் பூசிக் காயவிட வேண்டும். தண்ணீரில் கரையும் அந்த மெல்லிய படலத்தை ஸ்டைரீனால் கரைக்க முடியாது என்பதுதான் அதன் பலம்.

ஒட்டாத குணத்துக்கு ஒரு விலையும் உண்டு: ஜெல்கோட் பூசிய இடத்தில் நிற்காமல் பின்வாங்கிச் சிறு குழிகளை விடக்கூடும். எனவே வழிந்தோடாத கெட்டியான ஜெல்கோட்டே ஏற்றது. படகு வளையும் தன்மையுடையது என்பதால், உள்ளே முட்டுக் கொடுக்காமல் மேட்டின் பாரத்தை ஏற்றினால் அச்சு கோணலாகிவிடும். வெயில் இன்னொரு சிக்கல். 4 மீட்டர் பாலிஎத்திலீன் படகு, வெப்பநிலை 20 டிகிரி உயர்ந்தால் சுமார் 12 மில்லிமீட்டர் நீளும். அதே நீள பைபர் சுமார் 2 மில்லிமீட்டர்தான் நீளும். ரெசின் இறுகும்போதும் வெப்பம் வெளிப்படுவதால், ஒரே மூச்சில் பல அடுக்குப் போடக் கூடாது. இராதாபுரம் பக்கத்து வெயிலில், ஆனி ஆடிக் காற்றில் வேலை செய்வோர் நிழலும் மறைப்பும் தேட வேண்டும்; நல்ல நேரம் பார்த்து ரெசின் கலக்குவோர் காலண்டரைப் பார்க்கும் அக்கறையில் பாதியைத் தெர்மாமீட்டரிடம் காட்டலாம் என்பது என் கருத்து. ரெசின் இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் அதை இறுகச் செய்யும் ஹார்டனரையும் நேரடியாக ஒன்றோடொன்று சேர்த்தால் தீப்பற்றி வெடிக்கும்; கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே ஹார்டனரைச் சேர்க்க வேண்டும்.

கருப்பட்டி சிரட்டையிலிருந்து கழன்று வருவதற்கு, சிரட்டையின் வாய் அகன்றிருப்பதும் ஒரு காரணம். படகின் பக்கங்கள் மேல்நோக்கி உள்வாங்கியிருந்தால் அந்த வசதி கிடைக்காது. அடிமுதுகை (அடிப்பாகத்தின் நடுக்கோட்டை) ஒட்டி இரு பாகங்களாகப் பிரியும் அச்சாகவே எடுக்க வேண்டும். நன்றாக இறுகிய பின் அச்சோடு சேர்த்து நிமிர்த்தி, படகின் உள்ளே குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால், வெயிலில் தொல்லை கொடுத்த அதே விரிவுக் கணக்கு இப்போது உதவிக்கு வரும்: படகு அச்சைவிட அதிகமாகச் சுருங்கித் தானே விலகத் தொடங்கும். விளிம்பில் மர ஆப்புகளை மெல்லச் செருகினால் மிச்சமும் விட்டுவிடும்.

பிறர் வடிவத்தை இப்படி எடுப்பது சட்டப் பிரச்சினையும் ஆகலாம். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் 1983இல் இதற்கெனவே ஒரு தடைச் சட்டம் இயற்றியது. 1989இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. இந்தியாவில் பதிவு செய்யப்பட்ட வடிவங்களை 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம் காக்கிறது. ஆகவே விற்பனைக்கு வார்ப்பதற்கு முன் பதிவு இருக்கிறதா என்று விசாரிப்பது அவசியம்.

கையில் கிடைத்த அச்சுக்குப் படகின் குணம் வராது. அது இறுகிய பாலியெஸ்டர். அதனுள் வார்க்கப் போவதும் பாலியெஸ்டர். ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்ளும் இணை அது. எனவே புதிய அச்சில் முதல் சில வார்ப்புகளுக்கு மெழுகைப் பலமுறை ஏற்றித் துடைத்து, அதன் மேல் பிவிஏவும் பூசிய பிறகே ஜெல்கோட் டப்பாவைத் திறக்க வேண்டும்.