பூஜை: பூவும் செய்கையும் சேர்ந்து பிறந்ததா?

'பூ + செய் = பூசை; ஆகவே பூஜை தமிழ்ச்சொல்லே.' மேடையில் யாராவது இதைச் சொல்லாத ஆண்டில்லை. இப்போது 'பூசெய்' என்றே எழுதவும் தொடங்கிவிட்டார்கள்.

வடமொழியில் பூஜா என்றால் மதித்துப் போற்றுதல். வேர் 'பூஜ்'. வடமொழி இலக்கணம் வகுத்த பாணினி இச்சொல்லை அறிவார். இருக்கு வேதத்தின் எட்டாம் மண்டலத்தில் 'சாசிபூஜன' என்று இந்திரனை விளிக்கும் இடமும் உண்டு. அதற்கு அப்பால், அந்த வேர் எங்கிருந்து வந்தது என்பதில்தான் மேலைநாட்டு ஆய்வாளர்களிடையே சண்டை. பூவோடு 'செய்' சேர்ந்தது என்றவர் மார்க் காலின்ஸ். திராவிட வேர் 'பூசு' என்றவர் ஷார்பென்டியர் (1927). பால் தீமே (1939) இரண்டையும் மறுத்தார். விருந்தினருக்குத் தரும் மதுபர்க்கத்தோடு (தேனும் தயிரும் கலந்தது) இணைத்து, கலத்தல் பொருளுள்ள வடமொழி வேரிலிருந்தே கொண்டுவந்தார்.

இவற்றுள் தமிழ் இலக்கணத்துக்கே ஒவ்வாதது 'பூ + செய்'தான். பூவோடு வினை சேர்ந்தால் பூப்பறித்தல், பூத்தொடுத்தல் என வல்லினம் மிகும். அப்படியானால் பூச்செய் என்றல்லவா வரவேண்டும்? 'செய்' பெயரானால் செய்கை, செயல், செய்தி என்றாகும். யகரத்தைத் தொலைத்துவிட்டுச் 'சை' என்று நிற்பதற்கு முறை எங்கே? பொருளும் இடிக்கிறது. பூவை இடுவோம், தூவுவோம், சூட்டுவோம், சாத்துவோம். யாரும் பூவைச் 'செய்வதில்லை'. தமிழ் மூலம்தான் வேண்டுமென்றால் 'பூசு' எவ்வளவோ மேல்: கொல் கொலையானதுபோல் பூசு பூசையாகலாம். ஆனாலும் பழைய வடநூல்களில் பூஜா பெரும்பாலும் விருந்தினர், ஆசிரியர், பெரியோருக்குச் செய்யும் மதிப்பு. அங்கே பூவும் இல்லை, பூச்சும் இல்லை. அதனால் தீமேயின் பக்கம்தான் எனக்குச் சாய்வு.

மூலம் எதுவானாலும் 'பூசெய்' நமக்குத் தேவையில்லை. 'சிறப்பொடு பூசனை செல்லாது' என்று வள்ளுவர் எழுதிவிட்டார். பரிமேலழகர் அதற்கு 'விழவும் பூசையும்' என்று உரை கண்டார். சடங்கின் பெயராகப் பூசை போதும். இறைவனைப் பொதுவாக வணங்குவதற்கு வழிபாடு இருக்கிறது. 'வழிபடு தெய்வம்' தொல்காப்பியத் தொடர். மனிதரை மதிப்பதற்கோ 'பேண்' என்ற அருமையான சொல் காத்துக் கிடக்கிறது. 'தந்தை தாய்ப் பேண்' என்கிறது ஆத்திசூடி.

மொழிபெயர்ப்பாளர்கள் தவறுவதும் இங்கேதான். அதிதி பூஜா என்று கண்டால் 'விருந்தினர் வழிபாடு' என்கிறார்கள்; விருந்தோம்பல் என்ற சொல் நினைவுக்கு வருவதில்லை. மனுவின் 'யத்ர நார்யஸ்து பூஜ்யந்தே' இன்னும் மோசம். 'பெண்கள் எங்கே பூஜிக்கப்படுகிறார்களோ' என்று எழுதி, பெண்ணைப் பீடத்தில் ஏற்றி, தெய்வமாக்கிய பெருமை பேசுகிறார்கள். மூன்று செய்யுள் தள்ளி அந்த நூலே விளக்குகிறது: அணியும் ஆடையும் உணவும் தந்து அவர்களைப் பூஜிக்க வேண்டுமாம். வீட்டுப் பெண்களுக்குக் குறைவைக்காமல் பேணச் சொன்ன செய்யுள் அது. 'பேணப்படுகிறார்களோ' என்று எழுதியிருந்தால் சிறப்பு, குறை இரண்டும் உள்ளபடி தெரிந்திருக்கும்.